கியர்த் தண்டைக் குறுக்கிய கதை

பம்பலப்பிட்டியிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் குடியிருப்போருக்குச் சில ஓசைகள் தாலாட்டுப் போன்றவை. கடலோரப் புகையிரதத்தின் கூவல், கதிரேசன் ஆலயத்தின் மணி, காலி வீதியின் ஓயாத வாகன இரைச்சல் ஆகிய இவை கேளாவிடில் எங்களுக்கு உறக்கம் பிடிப்பதில்லை. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே இவற்றோடு புதியதோர் ஓசையும் சேர்ந்துகொண்டது. இரும்பை இரும்பு கடித்து அரைப்பது போன்ற அவ்வோசை காலை ஏழு மணிக்கு ஒருமுறை எழும். மாலையில் மீண்டும் எழும். எழுந்தவுடனே அயல்வீட்டு மேல்மாடி ஜன்னல் திறக்கும். "தம்பி! அப்பாவின்ரை காரை என்ன செய்யிறாய்?" என்று ஒரு தாயின் குரல் கேட்கும்.

அந்தக் காரைப் பற்றிச் சற்றே கூறவேண்டும். ஜப்பானிய மஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியிலே உலகிற்குக் காட்டிய இருவர் அமரும் திறந்த கார் அது. பிற நாடுகளில் 'எம்.எக்ஸ்-5' என்று விற்கப்பட்ட அக்கார், தாய்நாட்டில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரைப் பெற்றது. லோட்டஸ் எலான், எம்.ஜி. போன்ற ஆங்கிலேயரின் சிறு ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏறத்தாழ மறைந்துவிட்ட காலம் அது. அவ்வினத்தை ஜப்பானியர் மீண்டும் உயிர்ப்பித்தார்கள் என்றே சொல்லவேண்டும். குதிரையும் குதிரைவீரனும் ஓருடல் ஆவது போலக் காரும் ஓட்டுபவனும் ஒன்றாதல் வேண்டும் என்பதே அதனை உருவாக்கிய பொறியியலாளர் தோஷிஹிகோ ஹிராய் குழுவினரின் நோக்கமாயிருந்தது. 1,000 கிலோகிராமுக்குக் குறைந்த எடை, 1,600 சீ.சீ. என்ஜின், ஐந்து கியர்கள். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இவ்வகைக் கார்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டிற்று.

அயல்வீட்டுக் கார் 1990இல் வெளிவந்த 'வீ-ஸ்பெஷல்' வகையைச் சேர்ந்தது. கரும்பச்சை நிறம். சுக்கானும் கியர்ப் பிடியும் இத்தாலிய நார்டி நிறுவனத்தாரின் பெயர் பொறித்த மரவேலை. அவ்வீட்டுப் பெரியவர் தொண்ணூறுகளில் அதனை ரீகண்டிஷன் வாகனமாக ஜப்பானிலிருந்து தருவித்தார். ஞாயிறு மாலைகளில் மனைவியை அருகிருத்தி வெள்ளவத்தை, தெகிவளை என்று மெல்ல ஓட்டி வருவார். அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு அம்மரப் பிடியின் ஒரு புறம் மெருகிழந்து வெளிறியிருந்தது. 2019இல் அவர் காலமானார். கார் மகனுக்கு வந்தது. மகன் பொறியியல் மாணவன்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. 2022இன் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. பழைய வாகனங்களின் விலை, உரிமையாளரே நம்பமுடியாதவாறு உயர்ந்தது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டிலே ஓடிய காரொவ்வொன்றும், ஒன்று கெட்டால் மற்றொன்று இல்லை என்ற நிலையிலேயே ஓடிற்று. அபூர்வமான ஸ்போர்ட்ஸ் காரின் கியர்ப் பெட்டி என்றால் கேட்கவும் வேண்டுமா?

இந்நிலையில் இளைஞனுக்கு ஒரு குறை தோன்றிற்று. கியர் மாற்றும்போது தண்டு தளதளவென்று ஆடுகிறது. முதலாம் கியர் விழுவதற்கு முரண்டு பிடிக்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்குரிய கூர்மை இல்லை. பரிகாரம் யாது? அவனுடைய நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள், 'குறுந்தண்டு' போடு என்று. ரொறொன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த தாய்மாமன், பெட்டிக்குள் சேலைகளுக்கிடையே சுற்றி அதனைக் கொண்டுவந்து சேர்த்தார். கூடவே பளபளக்கும் கனத்த உலோகக் குமிழ் ஒன்றும் வந்தது. ஒரு கராஜிலே அரை நாளில் பொருத்திக் கொடுத்தார்கள். மரப் பிடி அலுமாரிக்குப் போயிற்று.

குறுந்தண்டு என்பது என்ன? மாணவர்கள் பள்ளியிலே பயின்ற நெம்புகோல்தான் அது. கியர்த் தண்டின் நடுவிலே ஒரு குண்டு மூட்டு உண்டு. மூட்டுக்கு மேலுள்ள நீண்ட பகுதியைக் கை அசைக்கிறது. கீழுள்ள குட்டைப் பகுதி கியர்ப் பெட்டிக்குள்ளே கோலைத் தள்ளுகிறது. கணக்கிற்காக மேற்பகுதி 160 மில்லிமீற்றர், கீழ்ப்பகுதி 40 மில்லிமீற்றர் என்று கொள்வோம். கீழ்முனை 10 மில்லிமீற்றர் நகரவேண்டுமாயின் கை 40 மில்லிமீற்றர் நகரவேண்டும். இப்போது மூட்டைப் பத்து மில்லிமீற்றர் மேலே உயர்த்துங்கள். மேற்பகுதி 150, கீழ்ப்பகுதி 50. கை 30 மில்லிமீற்றர் நகர்ந்தாலே போதும். கால்பங்கு தூரம் மிச்சம்! ஆயினும் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. முன்னர் நான்கு மடங்காகப் பெருகிய கையின் விசை இப்போது மூன்று மடங்காகவே பெருகும். அதே வேலையைச் செய்யக் கை மூன்றிலொரு பங்கு கூடுதலாகத் தள்ளவேண்டும்.

வேடிக்கை யாதெனில், இந்தக் காரின் தண்டு பிறவியிலேயே குறுகியது. கியர்ப் பெட்டியின் தலையிலேயே நேராக அமர்ந்திருப்பதால் இடையிலே கம்பிகளோ இணைப்புகளோ இல்லை. மணிக்கட்டை அசைத்தாலே கியர் மாறும் என்று உலகெங்கும் புகழப்பட்ட தண்டு அது. புகழ்பெற்ற தண்டு ஏன் தளதளத்தது என்ற வினாவை அந்தக் கராஜிலே ஒருவரும் எழுப்பவில்லை.

முதல் இரு வாரம் இளைஞனுக்குப் பெருமகிழ்ச்சி. மூன்றாவது வாரத்தில், ஒழுங்கையிலிருந்து பின்னோக்கி எடுக்கும்போது அந்த அரைக்கும் ஓசை தொடங்கிற்று. பின்னர் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போதும் கேட்டது. நண்பகலில் கூரையைத் திறந்து நிறுத்திய காரில் அந்த உலோகக் குமிழைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டதை நானே கண்டிருக்கிறேன். கொழும்பு வெயிலுக்கு மரமும் தோலுமே ஏற்றவை.

தாயார் என்னிடம் வந்தார். "நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ. அவர் இருந்தால் இப்பிடிக் கத்த விட்டிருப்பாரோ?" என்றார். எனக்கு யந்திர சாஸ்திரம் தெரியாது. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவரைத் தெரியும். ஐம்பது ஆண்டுகளாகக் கார்களின் வயிற்றுக்குள் வாழ்ந்தவர். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த நாட்களில், கிடைக்காத உதிரிப்பாகங்களைக் கடைசல் பட்டறையிலே கடைந்து மொறிஸ் மைனர்களை ஓடவைத்த தலைமுறை அவருடையது.

முதியவர் வந்தார். கருவிப் பெட்டியைத் திறக்கவேயில்லை. "தம்பி, என்ஜினை நிற்பாட்டும். இப்ப எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாய்ப் போடும்" என்றார். ஐந்தும் பின்கியரும் முணுமுணுப்பின்றி விழுந்தன. "இனி என்ஜினைத் தொடக்கிப்போட்டுப் போடும்." முதலாம் கியர் மறுத்தது, பின்கியர் அலறிற்று.

"நோய் தண்டிலை இல்லை, தம்பி. கிளச்சிலை இருக்கு."

அவர் விளக்கியதை என் மொழியிலே தருகிறேன். கிளச் மிதியை அழுத்தும்போது 'மேல் பம்ப்' ஒருவகை எண்ணெயைக் குழாய் வழியே தள்ளும். கியர்ப் பெட்டியின் பக்கத்திலுள்ள 'கீழ் பம்ப்' அவ்வழுத்தத்தைப் பெற்றுக் கவையைத் தள்ளி, என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் பிரிக்கும். கீழ் பம்பினுள்ளே சிறு ரப்பர்க் கிண்ணம் ஒன்று உண்டு. அது தேய்ந்து எண்ணெய் கசிந்தால் மிதி முழுதும் இறங்கினாலும் கிளச் முழுதும் விலகாது. என்ஜின் பாதி பிடித்தபடியே சுழலும்போது கியரைப் போடுவது, ஓடும் இராட்டினத்தில் ஏறுவது போன்றது. என்ஜினை நிறுத்தினால் கியர் இலகுவாக விழுகிறது, ஓடவிட்டால் மறுக்கிறது என்றால் ஐயத்தை முதலில் கிளச்சின்மீதே வைக்கவேண்டும். இந்தக் காரிலே கீழ் பம்ப் கசிவது அதன் உரிமையாளர்கள் யாவரும் அறிந்த பலவீனமாம். முதியவர் ரப்பர் உறையை விலக்கி விரலை வைத்தார். விரல் நனைந்தது.

அப்படியானால் மூன்றாம் கியர் ஏன் கத்திற்று? அதற்கு விடையாக அவர் தம் வாலிபத்திற்குப் போய்விட்டார். பழைய லொறிகளிலே கியர் மாற்ற, கிளச்சை இருமுறை மிதித்து, நடுவே வேகத்தைச் செவியால் அளந்து போடவேண்டும். தவறினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பிரான்சிலே லெவாசொர் என்பவர் 1890களில் வழக்கிற்குக் கொண்டுவந்த நழுவும் பற்சக்கர முறை நெடுங்காலம் இப்படியே இருந்தது. 1928இல் அமெரிக்காவின் கடிலக் நிறுவனம் 'சிங்ரோமெஷ்' என்ற ஏற்பாட்டைக் கொணர்ந்தது. பற்கள் கூடுமுன், கூம்பு வடிவான வளையமொன்று உராய்ந்து இருபுறத்து வேகத்தையும் சமமாக்கிவிடும். போருக்குப் பின் வந்த எம்.ஜி. டீ.சி. காரிலேகூட முதலாம் கியருக்கு இவ்வளையம் இல்லை.

இவ்வளையத்திற்கு வேண்டியது சிறிது நேரம். கண்ணிமைக்கும் நேரந்தான், ஆயினும் நேரம். கிளச் சரியாக விலகாதபோது அது என்ஜினோடு மல்லுக்கட்ட நேர்கிறது. குறுந்தண்டோ, ஓட்டுபவனை விரைந்து தள்ளத் தூண்டுகிறது. கனத்த குமிழின் வேகம் அதற்குத் துணைபோகிறது. வளையம் தன் வேலையை முடிக்குமுன் பற்கள் மோதுகின்றன. "இன்னும் ரெண்டு மாதம் இப்பிடி ஓடியிருந்தால் பெட்டியைப் பிரிக்கவேண்டி வந்திருக்கும். பிரிச்சால் சாமானுக்கு எங்கை போறது?" என்றார். இளைஞனின் முகம் வாடிவிட்டது.

சனிக்கிழமை வேலை நடந்தது. கீழ் பம்பின் ரப்பர்கள் பஞ்சிகாவத்தையிலே கிடைத்தன. மருதானைக்கு அருகே தெருத்தெருவாக உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த அந்தப் பேட்டையை அறியாத வாகனக்காரர் கொழும்பில் இல்லை. பின்னர் தண்டைக் கழற்றினோம். நான் மின்சூள் பிடித்தேன். துளை வாயிலே முதலில் ஒரு துணியை அடைத்தார் முதியவர். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் முழுப் பெட்டியையும் இறக்கவேண்டுமாம். தண்டு அமரும் கூடு எண்ணெயில் குளித்திருக்கவேண்டியது. வறண்டு கிடந்தது. உள் ரப்பர் உறை கிழிந்திருந்தது. காருக்குள் வந்த வெக்கைக்கும் இரைச்சலுக்கும் அதுவே வழி. பழைய தண்டின் கீழ்முனையைத் தாங்கும் நைலோன் கிண்ணத்தை முதியவர் என் கையிலே வைத்தார். விரல்நுனியளவுதான். ஒரு புறம் கடதாசிபோல் மெலிந்திருந்தது. தண்டு தளதளத்த காரணம் அவ்வளவே!

பித்தளையிலே கடைந்து போடலாமே என்று இளைஞன் கேட்டான். போடலாம், தேயாது, ஆனால் என்ஜினின் நடுக்கம் முழுவதும் கைக்கு ஏறும் என்று முதியவர் மறுத்தார். நைலோன் கிண்ணமும் இரு ரப்பர் உறைகளும் மீண்டும் ரொறொன்ரோ மாமனின் தயவால் தபாலில் வந்தன. குறுந்தண்டின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை தேநீர்ச் செலவு. பழைய தண்டையே பூட்டி, கூட்டிற்குள் ஊசிக்குழாயால் 75டபிள்யூ-90 கியர் எண்ணெயை வார்த்து மூடினார்கள்.

குறுந்தண்டு வீண்பொருள் என்று நான் கூறவில்லை. நுவரெலியாவிலே 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் போன்றவற்றில், தேயிலைச் சரிவின் கொண்டையூசி வளைவுகளிடையே கணத்தின் பகுதிகளுக்காகப் போட்டியிடுவோருக்கு அது பயன்படும். அவர்கள் கிளச்சையும் கியர்ப் பெட்டியையும் பந்தயத்திற்கென்றே செப்பனிட்டுக்கொண்டு வருபவர்கள். காலி வீதியிலே ஒரு சமிக்ஞை விளக்கிலிருந்து அடுத்த விளக்கிற்கு ஊர்பவனுக்கு, மிச்சமாகும் ஒரு சென்ரிமீற்றரால் வீடு அருகில் வந்துவிடப் போவதில்லை. முதலில் தேய்ந்ததைப் புதுப்பித்துவிட்டு, அதன்பின்னும் மனம் நிறையாவிடில் குறுக்கிக்கொள்ளலாம் என்பது முதியவரின் தீர்ப்பு. வேலைக்கு அவர் பெற்ற கூலி மிகக் குறைவு. அதை வாங்கவும் அவருக்கு மனமிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆடிவேல் விழாவின்போது, செட்டியார் தெருவிலிருந்து வேல் எழுந்தருளிக் காலி வீதியெங்கும் சனத்திரள். அயல்வீட்டு அம்மையார் அருச்சனைத் தட்டுடன் வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "தம்பியைக் காணேல்லை. காரையும் காணேல்லையே?" என்றார் திடீரென்று. அவன் போய்ப் பத்து நிமிடமாயிற்று என்றேன்.

"எப்ப எடுத்தவன்? சத்தமே கேக்கேல்லையே" என்று வெறும் கொட்டகையைப் பார்த்தபடி நின்றார். அலுமாரியைத் திறந்தபோது மரப் பிடி இருந்த இடமும் வெறுமையாக இருந்ததாகப் பின்னர் சொன்னார்.