பழைய காரின் குரோம் டேஷ்போர்டு... அந்தப் பளபளப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

விண்டேஜ் கார் அணிவகுப்பு எங்கே நடந்தாலும் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். காரை வெளியே இருந்து செல்போனில் படம் எடுத்து முடித்தவர்கள், அடுத்து ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். 1950-களின் அமெரிக்க கார் என்றால், உள்ளே பாத்திரக் கடை ஷோகேஸ் போல மின்னும். ஸ்பீடோமீட்டரைச் சுற்றி குரோம் வளையம், ரேடியோவுக்கு குரோம் பட்டன்கள், ஸ்பீக்கருக்கு குரோம் வலை. ஆஷ் ட்ரே மூடிகூட குரோம்தான்!

1955 மாடல் செவ்ரோலே பெல் ஏர் காரில் டிரைவர் பக்கம் விசிறி வடிவத்தில் மீட்டர்கள் இருக்கும். அதே விசிறி வடிவம் மறுபக்கம் ஸ்பீக்கருக்கும். நடுவே ஓடும் பட்டையில் கம்பெனியின் ‘போ டை’ சின்னம் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் பதிக்கப்பட்டிருக்கும். அப்போது அந்தக் கம்பெனியின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் டிசைன் துறைத் தலைவராக இருந்தவர் ஹார்லி ஏர்ல். குரோமை அள்ளித் தெளித்தவர். 1958 பியூக் காரின் முன் கிரில்லில் மட்டும் 160 குரோம் சதுரங்கள் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த டேஷ்போர்டுகளுக்கு இப்போது 60, 70 வயதாகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள், சில இடங்களில் கொப்புளங்கள். துணியால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காரணம், கோளாறு மேலே இல்லை. அடியில் இருக்கிறது.

குரோம் என்று நாம் பார்ப்பது உண்மையில் மெல்லிய தோல்தான். அலங்கார குரோம் பூச்சு பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், டேஷ்போர்டு பாகங்களில் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. மெக்கானிக்குகள் இதை ‘பாட் மெட்டல்’ என்பார்கள். நுணுக்கமான வடிவங்களை மலிவாக வார்க்கலாம் என்பதால் அன்றைய கம்பெனிகளுக்கு இது செல்லப்பிள்ளை. ஆனால், பூச்சில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரம் இறங்கினால், துத்தநாகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அரித்த பொடி உப்பி, மேலே இருக்கும் பூச்சைத் தள்ளும். அதுதான் அந்தக் கொப்புளம்.

கழற்றுவதில்தான் பாதி வேலை

சரி செய்ய வேண்டுமென்றால் முதலில் கழற்ற வேண்டும். அதற்கும் முன்னால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பல பழைய கார்களில் ஆம்மீட்டருக்கு வரும் வயரில் சாவி போடாமலேயே கரன்ட் இருக்கும். துணி சுற்றிய வயர்களின் இன்சுலேஷன் பொடிந்து உதிர்ந்துகொண்டிருக்கும். ஸ்பேனர் ஒன்று பட்டால் போதும், புகை வந்துவிடும்.

அடுத்தது போட்டோ. கழற்றும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் ஸ்க்ரூவையும் தனித்தனி பாலித்தீன் கவரில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டவர்கள், ஆறு மாதம் கழித்து பிளேட்டிங் முடிந்து பாகங்கள் திரும்பி வரும்போது படும் பாடு தனிக்கதை.

பட்டன்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஸ்க்ரூவோ, அழுத்தினால் விடுபடும் கொக்கியோ இருக்கும். வளையங்களின் நட்டுகள் பின்பக்கம் இருப்பதால், சீட்டில் தலைகீழாகப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவித்தான் கழற்ற முடியும். பொறுமை இங்கேதான் தேவை. நட்டு பிடித்திருக்கும் ஸ்டட், பாகத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்ட துத்தநாகம். துருப்பிடித்த நட்டை பலம் கொண்டு திருகினால் ஸ்டட்தான் முறியும். சூடு காட்டவும் முடியாது. இந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பதுதான் வழி.

கழற்றிய பாகம் பட்டறைக்குப் போனால், பழைய பூச்சுகளை உரித்து, ஒவ்வொரு குழியையும் சுரண்டிச் சுத்தம் செய்து, நிரப்பித் தேய்ப்பார்கள். பிறகு செம்பு முலாம், மறுபடி தேய்ப்பு, மறுபடி செம்பு. மேடு பள்ளம் மறையும்வரை இது தொடரும். கூலியில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்புக்குத்தான். பிறகு நிக்கல். கண்ணாடி போன்ற பளபளப்பு நிக்கலில் வந்துவிடும், ஆனால் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், நாளாக ஆக மங்கும். அதைத் தடுத்து நீலச்சாயல் கொடுப்பது கடைசியாக வரும் குரோம். தொட்டியில் அதற்குச் சில நிமிடங்களே போதும்.

அந்தச் சில நிமிடங்கள்

பிரச்னை அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. வழக்கமான குரோம் பிளேட்டிங்கில் இருப்பது குரோமிக் அமிலம், அதாவது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லும் முதல் பட்டியலில் இது இருக்கிறது. தொட்டியிலிருந்து எழும் குமிழிகள் மெல்லிய சாரலாகக் காற்றில் கலக்கும். முறையான காற்று உறிஞ்சி இல்லாத பட்டறையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது, நூறாண்டுகளாக மருத்துவர்கள் அறிந்த தொழில் நோய்.

தமிழ்நாட்டுக்கும் இந்த குரோமியம் புதிதல்ல. ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிலுக்கு குரோமிய ரசாயனம் தயாரித்த ஆலை மூடப்பட்ட பிறகும், லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு பல வருடங்கள் அங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. கார் பாகத்தால் வந்த கேடு அல்ல, ஆனால் விஷம் அதேதான்.

ஐரோப்பிய யூனியனில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், அலங்கார பிளேட்டிங்கில் இதை 2027 முதல் படிப்படியாக நிறுத்துவதாக 2023-ல் முடிவெடுத்தது. மாற்று இருக்கிறது. ட்ரைவேலன்ட் குரோமியம், ஆபத்து மிகக் குறைவு. ஆனால், நிறத்தில் மயிரிழை வித்தியாசம் வருகிறது, ஒரிஜினல் நீலச்சாயல் இல்லை என்று பழைய கார் ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலோடு ஒப்பிட்டால், அந்த மயிரிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்தான்!

இன்னொன்றும் உண்டு. அந்த ஒரிஜினல் பளபளப்பே காரோட்டிகளுக்கு நல்லதாக இருந்ததில்லை. வெயில் டேஷ்போர்டில் பட்டு டிரைவரின் கண்ணைக் கூசச் செய்வதை ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியான தன் புத்தகத்தில் சாடினார். 1968 முதல் டிரைவரின் பார்வையில் படும் ஹாரன் வளையம் போன்ற பாகங்களின் மினுமினுப்புக்கு அமெரிக்க அரசு வரம்பு வைத்தது. டேஷ்போர்டுகள் கறுப்பாக, மெத்தை வைத்ததாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் எல்லாவற்றையும் பிளேட்டிங்குக்கு அனுப்ப வேண்டியதில்லை. புள்ளி விழாத பாகங்களுக்கு சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். அடியில் இரும்பு இருந்து, மேலே லேசான துரு மட்டும் இருந்தால், சமையலறை அலுமினிய ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். ஃபாயில் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறாது. வீட்டு சைக்கிள் ஹேண்டில்பாரிலும் இதைச் செய்து பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற பெபிள் பீச் கார் கண்காட்சியில், புதுப்பிக்காமல் பழமையோடு காப்பாற்றிய கார்களுக்கென்றே தனிப் போட்டி இருக்கிறது. அங்கே புள்ளி விழுந்த டேஷ்போர்டுக்கும் மரியாதை உண்டு.

பிளேட்டிங் செய்துதான் ஆக வேண்டும் என்பவர்கள், விலை கேட்பதோடு தொட்டியில் எந்த குரோமியம், கழிவு நீர் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பாகத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எல்லாம் முடிந்து திரும்பப் பொருத்தும்போது மீட்டர் விளக்குகள் எரியாவிட்டால் பதற வேண்டாம். பழைய கார்களில் மீட்டர்களுக்கு எர்த் கிடைப்பதே டேஷ்போர்டின் இரும்புத் தகடு வழியாகத்தான். புதிதாக அடித்த பெயின்ட் அதை மறைத்திருக்கும். பின்பக்கம், நட்டு உட்காரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால், விளக்கு எரியும்.