உங்கள் கையெழுத்து யாருடைய டிராயரில் இருக்கிறது?

கம்மாபுரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு டெண்டர் வேலையாகப் போயிருந்தேன். அங்கிருந்த தம்பி மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே ஏழெட்டு டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கன்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அவற்றில் ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி சுற்றி, காண்ட்ராக்டர் பெயரையும் அதற்குக் கீழேயே பின் நம்பரையும் எழுதி வைத்திருந்தார். "அண்ணனுங்க ஒவ்வொரு தடவையும் அலைய வேணாமேன்னு இங்கயே வச்சிக்கிறோம்" என்றார். உதவியாகத்தான் செய்கிறார். ஆனால் அங்கே கிடந்தது ஏழெட்டுப் பேரின் கையெழுத்து.

மாநில அரசின் டெண்டர் தளத்துக்குள் போக இரண்டு படி. முதலில் யூசர் ஐடி, பாஸ்வேர்டு. அடுத்தது டோக்கனைச் செருகிப் பின் நம்பர் போடுவது. இரண்டும் ஒரே மாதிரியான பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்வேர்டை நீங்கள் தட்டினால் அது எதிர்முனைக்குப் போய்ச் சேருகிறது. வழியில் பார்த்தவர் யாரும் அதைத் திரும்பப் பயன்படுத்தலாம். டோக்கனிலோ ஒரு சில்லு இருக்கிறது. ரகசியச் சாவி அந்தச் சில்லுக்குள்ளேயே உருவாகிறது. அதை நகலெடுத்து வெளியே கொண்டுவர வழி வைக்கவில்லை. அதன் ஜோடியான பொதுச் சாவி, உங்கள் பெயரோடு சேர்ந்து சான்றிதழில் இருக்கும். தளம் ஏதோ ஒரு தகவலை அனுப்பி "இதில் ஒப்பமிடு" என்கிறது. சில்லு ஒப்பமிட்டு, ஒப்பத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. பொதுச் சாவியை வைத்துத் தளம் அதைச் சரிபார்க்கிறது. ரகசியச் சாவி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இந்தச் சான்றிதழ் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது நெய்வேலிச் சுரங்க வேலைக்குப் போகிறவர்களுக்கு எளிதில் புரியும். அட்டையைக் காட்டினால் நீங்கள் யார் என்பது தெரியும். எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட், உள்ளே விடலாமா என்பது பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். சான்றிதழ் அந்த அட்டை. பதிவேட்டின் வேலையைக் கணினி உலகில் செய்வது டைரக்டரி. இரண்டும் கூடப் பிறந்தவை: இன்று உலகம் முழுக்கப் புழங்கும் எக்ஸ்.509 சான்றிதழ் வடிவம், 1988-இல் எக்ஸ்.500 டைரக்டரித் தரத்தின் ஒரு பகுதியாகவே வந்தது. அந்த டைரக்டரியை எளிதாக அணுக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான நெறிமுறைதான் எல்டாப்.

உங்கள் அலுவலகத்திலேயே எல்டாப் சர்வர் வைத்து, ஊழியர்களைச் சான்றிதழால் உள்ளே விட நினைத்தால் சில வார்த்தைகள். சாவியை ஊழியரின் கணினியிலேயே உருவாக்குங்கள். சான்றிதழ் வழங்கும் சான்றளிப்பாளருக்குப் போக வேண்டியது விண்ணப்பக் கோப்பு மட்டும். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றோடு அது சாவியே இல்லை. வருகிறவரிடம் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்கும்படி சர்வரை அமையுங்கள். உங்கள் சொந்தச் சான்றளிப்பாளரை மட்டும் அது நம்பட்டும். ஊரில் உள்ள எல்லாச் சான்றளிப்பாளரையும் நம்பச் சொன்னால் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். சான்றிதழில் உள்ள பெயர் டைரக்டரியில் யாருடைய பதிவு என்பதையும் சர்வருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓப்பன்எல்டாப் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அரைநாளைத் தொலைப்பது இன்னோர் இடத்தில்: ஊழியரின் சான்றிதழும் சாவியும் எங்கே இருக்கின்றன என்பதைக் கணினியின் பொது அமைப்புக் கோப்பில் எழுதினால் அது கண்டுகொள்ளாது. அந்தப் பயனரின் சொந்த அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும்.

டிஎஸ்சிக்குத் திரும்புவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான் இதை வழங்கலாம். 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை, மூன்றாம் வகுப்புதான். அதிகபட்ச ஆயுள் 3 ஆண்டு. புதுப்பித்தால் வருவது புதுச் சான்றிதழ் என்பதால் டெண்டர் தளத்தில் மறுபடி பதிய வேண்டும். கடைசி நாள் மாலையில் இது தெரியவந்து டெண்டரைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். காலாவதித் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அந்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவை ஒவ்வொரு காண்ட்ராக்டரும் அறிந்திருக்க வேண்டும். ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை. சாவி பிறர் கைக்குப் போய்விட்டால் வழங்கிய நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவருடையதே. "சென்டர்ல இருந்த பையன் போட்டுட்டான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சென்டர் தம்பியிடமே வேலையைக் கொடுங்கள், அதில் தவறில்லை. டோக்கனை நீங்கள் கொண்டு போங்கள், பின் நம்பரை நீங்களே போடுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே அங்கே விட்டு வைத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கி, முதல் வேலையாகப் பின் நம்பரை மாற்றிவிடுங்கள்.