பெட்ரோல் கவலை போச்சு, பிளக் கவலை வந்தாச்சு

காலையில் அலுவலகம், மாலையில் வீடு, இரவு முழுக்க சார்ஜ். பெங்களூரில் மின்சார கார் வைத்திருப்பவர்களின் தினசரி வாழ்க்கை இவ்வளவுதான். செல்போனைப் போல காருக்கும் பிளக்கை மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

இந்த நகரத்துக்கு இது புதிதல்ல. 2001இல் இங்கேதான் ரேவா வந்தது. 8 மணி நேரம் சார்ஜ் செய்தால் 80 கி.மீ. ஓடும். பொம்மை கார் என்று சிரித்தவர்களே அதிகம். 2020இல் டாடா நெக்ஸானின் மின்சார வடிவம் வந்ததும் சிரிப்பு அடங்கியது. 30.2 யூனிட் பேட்டரி. நகரில் சுமார் 200 கி.மீ. ஓடும்.

கணக்கு எளிது. தினம் 40 கி.மீ. ஓட்ட 6 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 50 ரூபாய்க்குள் அடங்கும். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு 250 ரூபாய்க்கு மேல். மின் வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி.யும் 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது.

பிறகு ஏன் தயக்கம்? விலை ஒரு காரணம். பாதி வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் இன்னொன்று. ஆனால் அடுக்குமாடிவாசிகளுக்கு உண்மையான தலைவலி கீழே, பார்க்கிங்கில்தான். தங்கள் மீட்டரிலிருந்து அங்கே ஒயர் இழுக்க சங்கம் சம்மதிக்க வேண்டும். தீப்பிடித்தால் யார் பொறுப்பு? பொது மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவது? கூட்டத்தில் கேள்விகள் பறக்கும். வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. அது மட்டும் போதவில்லை.

தனி வீட்டுக்காரர்களுக்கு மாறுவது சுலபம். மற்றவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் சங்கச் செயலாளரைப் பார்த்துவிடுவது நல்லது.