உலர் உடைக்கு ஏற்ற காற்துடுப்பு

புனே நகருக்கு மேற்கே முட்டா ஆற்றின் படுகையில் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய அணைகள் அமைந்துள்ளன. அணையின் அடி மதகுகளும், நீரை உட்கொள்ளும் குழாய்களின் வாயும் பெரும்பாலும் நீருக்குள் மறைந்தே கிடப்பவை. தேக்கத்தை வடிக்காமல் இவற்றைப் பார்வையிட வேண்டின், கருவியை இறக்க வேண்டும். அல்லது மனிதர் இறங்க வேண்டும். நகரின் ஊடே ஓடும் முளா, முட்டா ஆறுகளிலோ கழிவுநீர் கலந்துள்ளது. அத்தகைய நீர் முக்குளிப்போரின் தோலில் படுவதே தீங்கு.

இவ்விடங்களில் பயன்படுவது ‘டிரை சூட்’ எனப்படும் உலர் உடை. நம் நாடு வெப்ப நாடாயிற்றே, இவ்வுடை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகையால், இமயமலைத் தேக்கங்களில் மட்டுமன்றி, மிதமான வெப்பமுள்ள நீரிலும் நெடுநேரம் வேலை செய்பவரின் உடல் குளிர்ந்துவிடும். அழுக்கு நீரைத் தடுப்பது இவ்வுடையின் மற்றொரு பயன்.

உடையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தைப் பலர் காற்துடுப்பில் காட்டுவதில்லை. ‘ஃபின்’ எனப்படும் இச்சாதனத்திற்குப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியே 1933-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வெறுங்காலுடன் நீந்துவோருக்கு அது விசையைக் கூட்டும் கருவி மட்டுமே. உலர் உடை அணிந்தவருக்கோ, உடலின் சமநிலையும் அதைப் பொறுத்தது.

காற்று காலுக்குச் செல்லும் விதம்

உலர் உடைக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் அதனைச் சுருக்குவதால், மார்பிலுள்ள வால்வின் வழியே மேலும் காற்றைச் செலுத்த வேண்டும். மிகையான காற்று வழக்கமாக மேற்கையிலுள்ள வால்வின் வழியே வெளியேறும். உடைக்குள் காற்று எப்போதும் உயரமான இடத்தையே நாடும். தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் அது கால்களில் சென்று திரளும்.

ஒரு லிட்டர் காற்று, தான் இடம்பெயர்க்கும் நீரின் எடையளவு, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் விசையுடன், காலை மேலே தூக்கும். உடல் மேலெழும்போது அக்காற்று விரிவடையும். 20 மீட்டர் ஆழத்தில் 1 லிட்டராக இருந்தது, 10 மீட்டரில் ஒன்றரை லிட்டராகவும், நீர்மட்டத்தில் 3 லிட்டராகவும் பெருகும். தலைகீழானவரின் கைவால்வு தாழ்ந்துவிடுவதால், அதன் வழியே காற்று வெளியேறாது. உடையின் காற்பகுதி உப்பி, காற்துடுப்பே கழன்று போகலாம். கட்டுப்பாடின்றி விரைந்து மேலெழுவது நுரையீரலுக்கும் இரத்த ஓட்டத்திற்கும் பேராபத்து. உடனே முழங்கால்களை மார்போடு மடக்கி உருண்டு, தலையை மேலாக்கி, காற்றை வெளிவிட வேண்டும்.

எடை

கெட்டி ரப்பராலான துடுப்புகள் நீரில் மூழ்கும். இலேசான பிளாஸ்டிக் துடுப்புகளில் சில மிதக்கும். உலர் உடையுடன், பொதுவாக, மூழ்குபவையே சிறந்தவை. உடலின் நடுப்பகுதியிலிருந்து கால் தொலைவில் இருப்பதால், துலாக்கோலின் முனையில் தொங்கும் படிக்கல்லைப் போலச் சிறு எடையும் பெரும் விளைவைத் தரும். அரைக் கிலோகிராம் ஒரு மீட்டர் தொலைவில் செய்வதை அரை மீட்டர் தொலைவில் செய்ய ஒரு கிலோகிராம் தேவைப்படும்.

மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் முத்துக்குளித்தோர் கல்லில் கால் ஊன்றி இறங்கி, அடி சேர்ந்ததும் கல்லை விட்டுவிட்டனர். காற்துடுப்பின் எடையை அவ்வாறு நடுவழியில் விட இயலாது. எடை மிகுந்தால் கால்கள் தாழும். உதைக்கும் நீர் கீழ்நோக்கிச் சென்று, தேக்கத்தின் அடியிலுள்ள வண்டலைக் கிளப்பிப் பார்வையை மறைக்கும். ஆகவே, கால் உயர்கிறவருக்குக் கனத்த துடுப்பும், கால் தாழ்கிறவருக்கு இலேசான துடுப்பும் பொருந்தும். கனத்த துடுப்பு காற்றைக் கையாளும் பயிற்சிக்கு ஈடாகாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பாதக்கூடும் வாரும்

உலர் உடையின் காலணி தடித்தது; அதனுள் கம்பளிக் காலுறையும் உண்டு. ஆதலால் குதிகால் திறந்த, வார் பூட்டிய துடுப்பே ஏற்றது. செருப்பின் அளவைச் சொல்லி வாங்குவது பயனற்றது. காலுறையும் காலணியும் அணிந்தே பொருத்திப் பார்த்தல் வேண்டும். கூடு இறுக்கமானால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் குளிரும், தசைப்பிடிப்பு உண்டாகும். தளர்ந்தால் உதையின் விசை வீணாகும், துடுப்பும் கழலும். வாராக எஃகுச் சுருள்வில் இருப்பின், தடித்த கையுறையுடனும் எளிதாக மாட்டலாம். கொக்கியைத் தேட வேண்டியதில்லை. கழிவுநீரில் பணிபுரிவோர் மூட்டுகளும் இடுக்குகளும் குறைந்த துடுப்பை விரும்ப வேண்டும். அதுவே கழுவ எளிது.

தகடு

உப்பலான உடை நீரில் மிகுந்த தடையை உண்டாக்கும். மெல்லிய தகடு இத்தடைக்கு எதிராக வளைந்து போகும். அகன்று, குட்டையாக, விறைப்பாக உள்ள தகடு, தவளையைப் போல் உதைக்கவும், இருந்த இடத்திலேயே திரும்பவும் உதவும். ஆயினும், காலின் வலுவுக்கு மிஞ்சிய விறைப்பு விரைவில் களைப்பைத் தரும்.

முடிவான சோதனை

முழு உடையுடனும் சாதனங்களுடனும், ஆழமற்ற தெளிந்த நீரில், பயிற்றுநரின் மேற்பார்வையில் சோதித்தல் வேண்டும். நீர்மட்டத்திற்கு இணையாகப் படுத்து, உதைக்காமல் அசைவற்றிருந்தால், கால்கள் உயர்கின்றனவா, தாழ்கின்றனவா என்பது தெரிந்துவிடும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகையால் கடலில் பழகியவர் புனேயின் தேக்கங்களைப் போன்ற நன்னீரில் இறங்குமுன் இடுப்பின் ஈய எடையைக் குறைத்து, இச்சோதனையை மீண்டும் செய்தல் அவசியம். உடையோ, உள்ளாடையோ, காலணியோ மாறினாலும் அவ்வாறே. உடையையும் துடுப்பையும் ஒரே சாதனத்தின் இரு உறுப்புகளாகக் கருதித் தேர்ந்தெடுப்பவரே நீருக்கடியில் தம் கருத்தைப் பணியில் செலுத்த முடியும்.