நான்காவது நோட்டு

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையோடு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களும் வரும். கவரின் மேல் பெயர், தொகை, காரணம் எழுத ஒரு கோடு. 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக', 'ஸ்கேன் ரிப்போர்ட் நல்லதாக வந்ததற்காக', 'மனைவியின் சுகத்துக்காக'. ஆயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். சுகம் பெற்றவர்கள் சில சமயம் எழுந்து சாட்சி சொல்வார்கள். சபை ஆமென் சொல்லும். இந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்தவன் நான். அந்தக் கோட்டின் மேல் நடுங்கும் கையால் எழுதப்பட்ட வார்த்தைகளைக் கேட்டு எத்தனையோ முறை கண் கலங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சாட்சி சொன்ன வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து நோய் திரும்பி வந்தால் என்ன செய்வது? மனைவி பிழைத்ததற்காகக் கவர் போட்ட கணவர், அதே மனைவியை மறுபடியும் கீமோ வார்டுக்குக் கூட்டிப்போகிறார். அன்று சொன்ன நன்றி என்ன ஆகிறது? அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாரா? அப்படிப்பட்டவர்கள் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். துக்கத்தோடு ஒரு கூச்சமும் அவர்களுக்குச் சேர்ந்துவிடுகிறது, தங்கள் சாட்சியே பொய்த்துப்போனது போல.

அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சி.எஸ். லூயிஸின் ஞாபகம் வரும். நார்னியா கதைகளை எழுதியவர் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் போதித்தவர். நாத்திகராக இருந்து விசுவாசத்துக்கு வந்தவர். மனிதர் ஏன் வலியை அனுபவிக்க வேண்டும் என்று 1940-லேயே ஒரு புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகத்தின் கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

ஜாய் டேவிட்மேன் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் 1915-இல் பிறந்த கவிஞர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து, பிறகு கிறிஸ்துவிடம் வந்தவர். லூயிஸுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்து, முதல் கணவரோடு வாழ்க்கை முறிந்தபின் இரண்டு மகன்களோடு இங்கிலாந்துக்கே வந்துவிட்டார். அங்கே தங்க அனுமதி கிடைக்காத நிலை வந்ததும், 1956 ஏப்ரல் 23-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பதிவாளர் அலுவலகத்தில் லூயிஸ் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஒரு தோழிக்குச் செய்த உதவி என்றுதான் அப்போது அதை வைத்திருந்தார். அவர் ஒரு வீட்டிலும், ஜாய் இன்னொரு வீட்டிலும்.

ஆறு மாதம் கழித்து, அக்டோபரில், ஜாய் வீட்டில் டெலிபோன் வயரில் கால் தட்டி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. வாதவலி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்த வலியின் காரணம் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவி, தொடை எலும்பை உள்ளிருந்தே அரித்திருந்தது. மார்பிலிருந்த கட்டியை எடுத்தார்கள், சினைப்பைகளை எடுத்தார்கள், எலும்புகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சினைப்பைகளை எடுத்தால் சில மார்புப் புற்றுநோய்கள் அடங்கும் என்பதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் 1896-லேயே காட்டியிருந்தார். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் இல்லாத அந்தக் காலத்தில் அதுதான் வழி.

அந்தப் படுக்கையருகே உட்கார்ந்திருந்தபோதுதான் தன் மனம் எங்கே போய்விட்டது என்பது லூயிஸுக்குத் தெரிந்தது. சபையில், கடவுள் முன்னிலையில், இவளை மனைவியாக ஏற்க வேண்டும் என்று விரும்பினார். ஜாய் விவாகரத்தானவர் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு பேராயர் அனுமதி தரவில்லை. லூயிஸின் பழைய மாணவர் பீட்டர் பைட், சசெக்ஸில் குருவானவராக இருந்தார். அவர் ஜெபித்து ஒரு சிறுவன் பிழைத்ததாகப் பேச்சு இருந்தது. நோயாளியின்மேல் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். வந்த இடத்தில் திருமணத்தையும் நடத்தித் தருமாறு கேட்டார்கள். மேலிடத்து அனுமதி இல்லாமல், தன் மனச்சாட்சியை மட்டும் கேட்டுக்கொண்டு, பைட் சம்மதித்தார்.

1957 மார்ச் 21. மருத்துவமனை வார்டு. மணமகள் கட்டிலில். சாட்சிகள் இரண்டே பேர்: லூயிஸின் அண்ணன் வார்னி, வார்டு சிஸ்டர். திருவிருந்தும் அங்கேயே. உடன்படிக்கை சொல்லி முடித்ததும் பைட் அவள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார். வாழ்விலும் தாழ்விலும் என்று நம் திருமணங்களில் நாமும் சொல்கிறோம். தாழ்வு எது என்று முழுக்கத் தெரிந்த பின் அதைச் சொன்னவர்கள் இவர்கள். சாவதற்கென்றே ஏப்ரலில் ஜாயை லூயிஸின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே 1908-க்குப் போக வேண்டும். பெல்ஃபாஸ்டில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது லூயிஸ் தன் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வீட்டிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா பிழைக்க வேண்டும் என்று பிள்ளை ஜெபித்தான். ஆகஸ்ட் 23-ஆம் தேதி, அப்பாவின் பிறந்த நாளன்று, அம்மா போய்விட்டாள். 1955-இல் வெளிவந்த நார்னியா கதை ஒன்றில் ஒரு சிறுவன் மாயத் தோட்டத்து ஆப்பிளைக் கொண்டுவந்து சாகக்கிடக்கும் தாயைப் பிழைக்க வைக்கிறான். நாற்பத்தேழு வருடங்கள் மனதில் இருந்தது அந்த ஆப்பிள். அந்தக் கதை வந்து இரண்டு வருடத்துக்குள், அதே வயதை ஒட்டிய இரண்டு பையன்கள், பதின்மூன்று வயது டேவிட்டும் பதினொரு வயது டக்ளஸும், தாய் சாகப்போகிறாள் என்று அவர் வீட்டுக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாய் சாகவில்லை. வாரங்கள் போகப்போக வலி குறைந்தது. அரித்துப்போன எலும்பு கூடியது. 1957 முடிவதற்குள் கைத்தடியோடு நடந்தார். ஒரு கால் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். 1958 ஜூலையில் இருவரும் தேனிலவாக அயர்லாந்துக்குப் போனார்கள். லூயிஸுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். வீட்டுக்குப் பழுது பார்த்தார்கள். மாலையில் ஸ்கிராபிள் ஆடினார்கள். எந்த மொழிச் சொல்லும் செல்லும் என்று தங்களுக்கென்று ஒரு விதி. இருபதுகளில் தன்னைத் தாண்டிப்போன சந்தோஷம் அறுபதுகளில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஒரு நண்பரிடம் லூயிஸ் சொன்னார்.

ஜாயின் எலும்புகள் தேறிய அதே நாட்களில் லூயிஸின் எலும்புகள் சுண்ணாம்புச் சத்தை இழந்துகொண்டிருந்தன. எலும்புத் தேய்மானம்; முதுகுக்கு பெல்ட் போட வேண்டியதாயிற்று. தன்னிடமிருந்து போனதுதான் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததோ என்று ஒரு கன்னியாஸ்திரிக்கு எழுதினார். அப்படியானால் அதைவிட மகிழ்ச்சியாகக் கொடுத்த பரிசு வேறில்லை என்றும், ஆனாலும் கற்பனையை ஓடவிடக் கூடாது என்றும் அதே மூச்சில் எழுதினார். அந்தக் கடைசி எச்சரிக்கைக்காகவே எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். இதை எடுத்துக்கொண்டு மேடை மேடையாகச் சாட்சி சொல்லியிருக்கலாம். ஜெபத்தின் பலனைப் பற்றி எழுதி 1959-இல் வெளிவந்த கட்டுரையில் பெயர் சொல்லாமல் ஜாயின் எலும்பைப் பற்றிச் சொல்கிறார். படம் எடுத்தவரே வியந்துபோனதைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, இது நிரூபணம் ஆகாது, மருத்துவமும் தப்பாமல் கணிக்கும் சாஸ்திரம் அல்ல என்று தானே எழுதுகிறார். சினைப்பை அறுவையும் கதிர்வீச்சும் தம் வேலையைச் செய்திருக்கலாம். அதனால் அவருடைய நன்றி குறையவில்லை.

1957 இலையுதிர் காலத்தில், தன் முதுகுவலியோடு, மனைவி பக்கத்தில் நடமாடும் வீட்டில் உட்கார்ந்து, லூயிஸ் சங்கீதங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1958-இல் வெளியானது. அதில் துதியைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. என்னைத் துதியுங்கள் என்று கடவுள் கேட்பது ஒரு காலத்தில் அவருக்கு உறுத்தலாக இருந்ததாம். பிறகு பார்த்தால், மனிதர் எதை ரசித்தாலும் அதைப் புகழ்ந்துவிட்டுத்தான் ஓய்கிறார்கள். நல்ல சாப்பாட்டை, நல்ல பாட்டை, பிடித்த ஆளை. வாய்விட்டுப் புகழும்போதுதான் அந்த ரசனையே நிறைவடைகிறது என்று கண்டுகொண்டார். காரணம் எழுதும் கோட்டில் அடங்குகிற நன்றி இல்லை இது. வாங்கிக்கொண்ட பொருளுக்கு ரசீது கொடுப்பதும் இல்லை. இருப்பதை இருக்கும்போதே கண்ணாரப் பார்ப்பது.

1959 அக்டோபரில் வழக்கமான பரிசோதனை. எக்ஸ்ரேயில் நோய் பல இடங்களில் திரும்பியிருந்தது.

இனி ஜெபிக்க முடியுமா என்று அவர் தடுமாறினார். ஒரு முறை பிழைத்தவள் மறுமுறையும் பிழைக்க வேண்டும் என்று கேட்பது, லாசருவை இரண்டாம் தரமும் எழுப்பச் சொல்வது போல. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இருவரும் வீட்டுக்குள் முடங்கவில்லை. ஜாய்க்குச் சின்ன வயதிலிருந்து கிரேக்க நாட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 1960 ஏப்ரலில், நண்பர் ரோஜர் லான்ஸ்லின் கிரீனும் அவர் மனைவியும் துணைவரப் போனார்கள். உடம்பெங்கும் புற்றுநோயோடு ஜாய் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் உச்சி வரை ஏறினார். மைசீனியில் சிங்க வாசல் வரை ஏறினார். இவர்கள் வாழ்க்கையை 'காந்தி' படம் எடுத்த அட்டன்பரோ 1993-இல் சினிமாவாக எடுத்தபோது இந்தப் பயணத்தையே விட்டுவிட்டார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. குணமாகும் நம்பிக்கை இருந்தபோது நன்றி சொல்வது பெரிதல்ல. அது போன பிறகு, குட்டைக் காலோடு அந்தக் கற்படிகளில் ஏறிய பெண்ணைத்தான் நான் என் சபையின் கடைசி வரிசைக்குக் காட்ட விரும்புவேன்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் நமக்கெல்லாம் மனப்பாடமான ஒரு சொல் இருக்கிறது: 'எல்லாவற்றிலேயும்'. எல்லாவற்றுக்குள்ளும் நின்றுகொண்டு ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறார். எபேசியருக்கு எழுதும்போது 'எல்லாவற்றிற்காகவும்' என்றும் சொல்கிறார், உண்மைதான். ஆனால் கேன்சர் வார்டில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் போய், இந்த நோய்க்காகவும் நன்றி சொல்லுங்கள், விசுவாசம் உறுதியாக இருந்தால் சுகம் வரும் என்று சொல்ல நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிப் போய்விடுகிறோம். அந்த வார்த்தையோடு ராத்திரி முழுவதும் கண்விழித்திருப்பவர் அவர்தான். கை வைத்து ஜெபித்த பீட்டர் பைடின் சொந்த மனைவிக்கே பிறகு புற்றுநோய் வந்தது. அந்த மனைவியும் அதிலேயே இறந்தார். பைடிடம் விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

1960 ஜூலை 13 இரவு ஜாய் இறந்தார். வயது 45. தான் கடவுளோடு சமாதானமாக இருப்பதாகக் குருவானவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு லூயிஸ், வீட்டில் கிடந்த வெற்று நோட்டுகளை எடுத்து எழுத ஆரம்பித்தார். 1961-இல் என்.டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் அது சிறிய புத்தகமாக வந்தது. அதைப் படிக்கும் விசுவாசிகள் பலர் முதல் பக்கங்களிலேயே மிரண்டுபோகிறார்கள். எல்லா உதவியும் கைவிட்ட நேரத்தில் கடவுளிடம் போனால் கதவு முகத்திலேயே சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாளும் போடப்படுகிறது என்கிறார். என் சபைக்காரர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை அவர் எழுத்திலேயே கேட்கிறார்: தவறான கணிப்புகளும், எக்ஸ்ரேக்களும், அற்புதம் போலவே வந்த அந்தச் சுகமும், அடி அடியாக எங்களை நம்பவைத்து ஏமாற்றவா? கருணை காட்டியதெல்லாம் அடுத்த வதைக்குத் தயாரிப்பா? மறுநாள் வந்து, நேற்று எழுதியது யோசனை அல்ல, அலறல் என்கிறார். ஆனால் அதைக் கிழித்துப்போடவில்லை. யோபுவின் புலம்பலை வேதத்திலிருந்து யாரும் கிழித்துப்போடவில்லையே.

நான்காவது நோட்டு வந்தது. வீட்டில் கிடந்தவற்றில் அதுதான் கடைசி. இது முடிந்தால் இன்னொன்று வாங்கப்போவதில்லை என்று தீர்மானித்தார். அந்த நோட்டில், இதுவரை எழுதியதைத் திரும்பிப் பார்க்கிறார். முதலில் தன்னைப் பற்றி, அடுத்து அவளைப் பற்றி, கடைசியில் கடவுளைப் பற்றி எழுதியிருப்பது தெரிகிறது. வரிசை தலைகீழாகிவிட்டதே என்கிறார். இன்னொன்றும் தெரிகிறது: எங்கேயுமே புகழவில்லை. கொடுத்தவரையும் புகழவில்லை, கிடைத்தவளையும் புகழவில்லை. புகழ்ச்சியில் எப்போதும் கொஞ்சம் மகிழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் புகழும்போது அதை அனுபவிக்கிறோம் என்று எழுதுகிறார். மூன்று வருடங்களுக்கு முன், மனைவி பக்கத்தில் இருக்கும்போது சங்கீதப் புத்தகத்தில் எழுதியதே இது. அவள் இல்லாத வீட்டில் அதையே மறுபடி கண்டுபிடிக்க நான்கு நோட்டுகள் வேண்டியிருந்தன. அன்று சொன்ன ஸ்தோத்திரத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை.

பையன்கள் இருவரும் அவரோடு அதே வீட்டில் இருந்தார்கள். மூத்தவன் டேவிட், தாய் பிறந்த யூத மார்க்கத்துக்கே திரும்பினான். கிறிஸ்தவத்துக்காக இவ்வளவு வாதாடிய மனிதர், அவனுக்குக் கோஷர் சாப்பாடு கிடைக்க ஏற்பாடு செய்து கொடுத்தார்.