கூத்துக்குக் கைகொடுப்பது எப்படி?

இடம்பெயரும் குடும்பம் எதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறது? அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் உடுப்பு, ஒரு மூட்டை அரிசி. 1990இலும் 1995இலும் 2008, 2009இலும் எமது மக்கள் இப்படித்தான் புறப்பட்டார்கள். மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு ஓட எவருக்கு நேரம் இருந்தது? கூத்துக் கொப்பிகள் பல, வீட்டு வளையிலே செருகியபடியே வீட்டோடு போயின.

திரும்பி வந்தவர்கள் முதலில் கிணற்றை இறைத்தார்கள், வயலைத் துப்புரவாக்கினார்கள், கூரை போட்டார்கள். வேறிடத்திலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். இருசாராரிடமும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கட ஊரில முந்தி கூத்து ஆடினவைதானே, இப்ப ஏன் இல்லை?" ஆடத் தெரிந்தவர்கள் இல்லாமற் போனது ஒரு காரணம். ஆனால், ஆடுபவருக்குப் பின்னால் நின்று வேலை செய்தவர்கள் சிதறிப் போனதே பெரிய காரணம் என்பது எமது அனுபவம். அந்த வேலையை யாரும் செய்யலாம். பாடவோ ஆடவோ தெரிந்திருக்கத் தேவையில்லை.

கூத்து என்பது என்ன?

பாட்டாலும் ஆட்டத்தாலும் தாளத்தாலும் ஒரு முழுக்கதையைச் சொல்வது கூத்து. மேலை நாடுகளில் ஒப்பரா என்னும் இசை நாடகம் உண்டு. அங்கும் சிறிய ஊர்க் குழுக்கள் ஊதியம் வாங்காத தொண்டர்களாலேயே நடக்கின்றன. உடுப்புத் தைப்பவரும், வாசலில் நிற்பவரும், பாட்டுத்தாள் பிரதி செய்பவரும் அவ்வூரவர்களே.

எமது நாட்டில் மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி என இரு வகைகள் உண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோர ஊர்களிலும் புனிதர்களின் வரலாறுகள் கூத்தாக ஆடப்பட்டன. மலையகத்திலே காமன் கூத்து உண்டு. மோடி வேறானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். அண்ணாவியார் கதையைத் தெரிந்து ஆட்களைப் பொறுக்குவார். ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டுகளை எழுதிக் கொடுப்பதை மட்டக்களப்பார் சட்டங்கொடுத்தல் என்பர். பின்னர் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். ஆட்டம் கால்களில் பதிந்ததும் சலங்கை கட்டுவார்கள். முழுக்கூத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அதன் பிறகே அரங்கேற்றம்.

களரிக்கு வெளியே உள்ள வேலை

இந்த மாதங்களில் களரிக்கு வெளியே எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பழக்கத்துக்கு ஒரு முற்றம் வேண்டும். வெளிச்சம் வேண்டும். நடுச்சாமத்தில் தேத்தண்ணி வேண்டும். முடி, புயக்கட்டு, மார்புப் பதக்கம் செய்யவும், உடுப்புத் தைக்கவும் ஆள் வேண்டும். பிற்பாட்டுக்குக் குரல்கள் வேண்டும். களரி கட்டத் தடியும் மண்ணும் சுமக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. கூத்தர் பெரும்பாலும் கமக்காரரும் கூலிக்குப் போவோருமே. காலபோக நெல்லைத் தை, மாசியில் வெட்டி அடித்த பின்னர்தான் பழக்கத்துக்கு இரவு கிடைக்கும். குளத்தில் தண்ணீர் உள்ள இடங்களில் சித்திரையோடு சிறுபோக வேலை வந்துவிடும். யானையும் பன்றியும் வரும் இடங்களில் இரவுக் காவலுக்கும் போக வேண்டும். இரவெல்லாம் ஆடியவர் மறுநாள் மண்வெட்டி பிடிக்க முடியாமற் போனால் அன்றைய கூலியும் போய்விடும். இரண்டு கிழமையில் அவர் பழக்கத்தை விட்டுவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அயலவர் இருவர் முறைபோட்டு அவருடைய வயற்காவலைப் பார்த்தால் அவர் களரியில் நிற்பார். அந்த இருவரும் கூத்துக்கு உழைத்தவர்களே.

நாம் விட்ட பிழை

2009க்குப் பின்னர், மீளக்குடியமர்ந்த ஓர் ஊரில் நாமும் கூத்துக்கு உதவப் புறப்பட்டோம். உடுப்பு வாடகைக்கு எடுத்தோம். ஒலிபெருக்கி பிடித்தோம். விடியும்வரை யார் இருப்பார்கள் என்று நாமே தீர்மானித்து, ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தரும்படி அண்ணாவியாரைக் கேட்டோம். பழக்கத்துக்கு மூன்று கிழமை கொடுத்தோம். அவர் மறுக்கவில்லை. கூத்தும் நடந்தது, கைதட்டினார்கள், படமும் எடுத்தோம்.

அடுத்த வருடம் அந்த ஊரில் கூத்தே இல்லை. ஏன் என்று ஓர் அம்மாவிடம் கேட்டோம். "சுவாமி, நீங்கள் கூத்தைக் கொண்டு வந்தனீங்கள். முந்தி நாங்கள் பழக்கம் பார்க்கப் போய் இருக்கிற இரவுகள்தான் வரேல்லை" என்றார். முன்பு அந்த முற்றங்களில் சிறுவர்கள் மடியில் கிடந்தே பாட்டைப் பாடமாக்கினார்கள். அடுத்த கூத்தர் அங்கேதான் உருவானார்கள். நாமோ அரங்கேற்றத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தை வெட்டிவிட்டோம். பணம் கொடுப்பவர் கூத்தின் நீளத்தையும் கதையையும் தீர்மானிக்கக் கூடாது என்பதை அன்று கற்றோம்.

முதலில் ஏடு

இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. வயது போன அண்ணாவியார்களின் நினைவில் உள்ளதை எழுதி எடுப்பது. கொப்பி தொலைந்தாலும் அவர்களுடைய நெஞ்சில் பாட்டு இருக்கிறது. அதுவும் போனால் மீட்க வழியில்லை.

முன்னோர் காட்டிய வழி உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார், மட்டக்களப்புக் கூத்து ஏடுகளைத் தேடி அச்சில் பதிப்பித்தார். ஊருக்கு ஊர் சுவடியாகக் கிடந்த மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் போன்றவை அதனால் நூலாயின. பேராதனை மாணவர்களை வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம் பழகவைத்து, கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) ஆகியவற்றை மேடையேற்றினார். படித்தவர்கள் அண்ணாவியாருக்குக் கற்பிக்கப் போகவில்லை, அவரிடம் கற்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எழுதும்போது பாட்டின் சொற்கள் மட்டும் போதா. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுப்பாட்டும் தாளக்கட்டும் வேறு. எனவே கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவும் செய்யுங்கள். முதலில் அவர் தனியே பாடட்டும், பின்னர் மத்தளத்தோடு பாடட்டும். எந்தக் கூத்து, எந்தப் பாத்திரம், எந்த நாள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் எவருக்கும் அனுப்ப வேண்டாம். முதற் பிரதி அவருடைய கைக்கே போக வேண்டும்.

பிரதிகளை ஓரிடத்தில் வைக்காதீர்கள். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஒன்று அண்ணாவியார் வீட்டிலும், ஒன்று பள்ளிக்கூடத்திலும், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

ஊர் மரணவீடாக இருக்கும்போது கூத்து வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளையை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுபவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மத்தளச் சத்தம் கேட்டுத் தானாக வந்து ஒதுங்கி இருப்பவருக்கு ஒரு பாய் போடுங்கள், அது போதும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இன்னார் ஆடலாம், இன்னார் பறை மட்டும் அடிக்கலாம் என்ற சாதிப் பிரிவு பழைய களரிகளில் இருந்தது. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினார். அகதி முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் எடுத்த நாம், களரியில் மீண்டும் வரம்பு கட்டலாமா? மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்மக்களும் கூடியிருந்து, எதை வைப்பது, எதை மாற்றுவது என்று பேசிப் பேசியே கூத்தை மீளுருவாக்கினார்கள். மாற்றம் வெளியிலிருந்து வரும் கட்டளையாக அல்லாமல் ஊரின் பேச்சிலிருந்து வந்தால் நிலைக்கும்.

பணம் சேர்த்தால் வரவும் செலவும் எழுதிய தாளை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். கணக்குச் சண்டையால் கலைந்த குழுக்கள் பல.

எங்கே தொடங்குவது?

இந்த அறுவடை முடிந்ததும் ஓர் இரவு, ஊரில் பாட்டுத் தெரிந்த மூத்தவர் ஒருவரின் முற்றத்துக்குப் போங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். தேத்தண்ணிக்குச் சீனியும் கொண்டு போங்கள், அவருக்குச் செலவு வைக்கக் கூடாது. ஞாபகம் உள்ள ஒரு வரவுப்பாட்டைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் நித்திரையானால் எழுப்ப வேண்டாம். மறு கிழமையும் அதே நாளில் போங்கள். களரி கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.