துடைப்பம் மட்டுமா மருத்துவமனை?

என் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரும் நெஞ்சில் நின்றது. ‘அல்சர்’ என்று சொல்லி ஓராண்டு மாத்திரை கொடுத்தார்கள். செய்வினை என்றார்கள் சிலர். வேப்பிலை அடித்து மந்திரித்ததும் நடந்தது. எண்டோஸ்கோபியில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே அம்மாவைப் பரிசோதித்தவர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண். “அம்மா, மூக்கு வழியா சின்னக் குழாய் ஒண்ணு விடப்போறேன். தண்ணி குடிக்கிற மாதிரி முழுங்கிக்கிட்டே இருங்க, தானா உள்ள போயிடும்” என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். குழாய் இறங்கியதும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துப் பத்து முறை விழுங்கச் சொன்னார். கணினித் திரையில் நீலமும் பச்சையும் சிவப்புமாக வண்ணங்கள் ஓடின.

உணவுக்குழாய் அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ள வேண்டும். அடியில் உள்ள தசை வளையம் திறந்து வழிவிட வேண்டும். அம்மாவுக்கு அலையும் இல்லை, வளையமும் திறக்கவில்லை. ‘அக்கலேசியா’ என்பது நோயின் பெயர். அதைக் கண்டுபிடித்தது ‘மேனோமெட்ரி’ என்ற இந்த அழுத்தப் பரிசோதனை. டாக்டர் பலூன் வைத்து அந்த இறுக்கத்தை விரித்தார். இன்று அம்மா சோறு சாப்பிடுகிறார்.

பரிசோதனை முடிந்ததும் அம்மா கேட்டார்: “நீங்க பெரிய டாக்டருங்களா?”

“டாக்டர் இல்லம்மா. டெஸ்ட் எடுத்து, அளந்து, டாக்டருக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிறது என் வேலை.”

“எந்த ஊரும்மா?”

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் வருவது ‘ஊரா, காலனியா?’ என்பதுதான். அதற்குக் காத்திராமல் அவரே சொன்னார்: “காலனிதாம்மா. எங்கம்மா நகராட்சியில துப்புரவு வேலை பார்த்தாங்க.”

அம்மா அவர் கையை விடவே இல்லை.

என்ன வேலை இது?

நெஞ்செரிச்சல் நோயாளிக்கு மெல்லிய குழாயை 24 மணி நேரம் வைத்து, அமிலம் எத்தனை முறை மேலேறுகிறது என்று கணக்கிடுவார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பால் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, மூச்சை ஊதச் சொல்லி ஹைட்ரஜனை அளப்பார்கள். நம் உடல் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன. செரிக்காத சர்க்கரை அவற்றிடம் போய்ச் சேர்ந்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்தில் மலத்தைச் சோதித்து, கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் குடல் அழற்சியையும் கண்டறிகிறார்கள்.

இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் ஒரு பாக்டீரியாவைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுக்குள் இருப்பதை அருவருக்காமல் ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது.

பிரிட்டனில் இப்பணியைச் செய்யும் பதிவுபெற்ற அறிவியலாளருக்கு ‘கிளினிக்கல் சயின்டிஸ்ட்’ என்று பெயர். அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சி உண்டு, சம்பளத்தோடு. முறையான பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். நம் நாட்டில் ‘டெக்னீஷியன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

அதே மலம், வேறு மரியாதை

மலத்தைத் தொடும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, தொட்டதற்காகவே அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்றது இந்தச் சமூகம். 2013-இல் சட்டம் போட்ட பிறகும் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் நம்மவர்கள். ஆய்வக மேசைக்கு வந்தால் அதே மலம் அறிவியல் ஆகிவிடுகிறது. அங்கே கையுறை உண்டு, படிப்பு உண்டு, ‘மேடம்’ என்ற மரியாதை உண்டு. நான் போன மருத்துவமனைகளில் எல்லாம் துடைப்பத்தோடு நின்றவர்கள் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். அவர்களுக்கும் கையுறை வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். அவர்கள் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

மாணவர்களே, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். மட்டுமே வழி அல்ல. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம் உண்டு. அதில் 3 சதவீதம் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தொடக்கத்தில் தனியார் மருத்துவமனைச் சம்பளம் குறைவுதான். அதையும் தெரிந்தே வாருங்கள்.

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துபோய் இடத்தை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.